கோணல் துப்பாக்கியும் ஒரு கையெழுத்தும்

கேன்னட் ஹார்பர், லாப்ரடோர்
20 நவம்பர் 2017

கார்லண்டுக்கு,

‘அன்புள்ள’ என்று போட வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அது மறதி இல்லை.

போனில் பேசினால் நான் முடிப்பதற்குள் நீ வைத்துவிடுகிறாய். இல்லாவிட்டால் நான் வைத்துவிடுகிறேன். காகிதம் என்றால் முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும். கோபத்தில் கிழித்துப் போட்டாலும் பிறகு துண்டு பொறுக்கி ஒட்டிப் படிப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். ராணுவம், கரையைக் காவல் காக்கும் எங்கள் ரேஞ்சர் ஆட்களுக்கெல்லாம் புதுத் துப்பாக்கி தரப்போகிறது. பழைய .303 எல்லாவற்றையும் ஏப்ரலில் விமானம் கொண்டுவந்து அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் ஒரு சலுகை உண்டு. யாரிடம் துப்பாக்கி லைசன்ஸ் இருக்கிறதோ, அவர்கள் தங்கள் பழைய துப்பாக்கியைச் சேவைக்குப் பரிசாகத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். ராணுவம் கொடுத்த துப்பாக்கி என்பதால் இத்தனை வருஷமும் என்னிடம் யாரும் லைசன்ஸ் கேட்டதில்லை. அதுவே போதும் என்று நானும் வேறு துப்பாக்கி வாங்கியதில்லை. இப்போது ஐம்பத்தேழு வயதில் புதுசாக விண்ணப்பம் போட்டு நிற்கிறேன்.

அந்த விண்ணப்பத்தில் ஓரிடத்தில் புருஷனும் கையெழுத்துப் போட வேண்டுமாம். பெண்டாட்டி வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்வது அவனுக்குத் தெரியும், ஆட்சேபம் இல்லை என்று. சார்ஜென்ட் லெஸ்டரிடம், “புருஷன் ஊரிலேயே இல்லையே, என்ன செய்ய?” என்று கேட்டேன். “ஊர்ல இல்லாட்டியும் புருஷன் புருஷன்தான் வின்னி, அதுக்குக் கனடா முழுக்க ஒரே சட்டம்” என்றான்.

படிவம் உள்ளே இருக்கிறது. பென்சில் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அக்டோபரில் நடந்ததைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை பேசப்போவதில்லை. என் துப்பாக்கியை என்னைக் கேட்காமல் தொட்டாய் என்றோ, குழல் நுனியில் இருக்கும் குறிமுள்ளைச் சுத்தியலால் தட்டி நகர்த்தினாய் என்றோ, அதனால் வருஷப் போட்டியில் ஊர் முன்னால் என் மானம் போனது என்றோ, எனக்குப் பரிசாக வர வேண்டிய வான்கோழியை ஹெட்லி கர்ல் தோளில் போட்டுக்கொண்டு என் சன்னலுக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போனான் என்றோ எதையும் சொல்லப்போவதில்லை.

வின்னி

பி.கு. நாய் சாப்பிடுகிறது. நீ கேட்கவில்லை, இருந்தாலும்.


கார்னர் புரூக், மர்டில் வீடு
4 டிசம்பர் 2017

வின்னி பெண்ணே,

உன் கடிதம் வந்தபோது நான் என் தங்கை மர்டிலின் கழுவுதொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். இங்கே வந்ததிலிருந்து இந்த வீட்டில் ஒழுகுகிறது, கிறீச்சிடுகிறது, சாய்கிறது என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது. மர்டில் சொல்கிறாள், “அண்ணே, நீ வந்தது எனக்கு லாட்டரி அடிச்ச மாதிரி. அண்ணி உன்னை இன்னும் ரெண்டு மாசம் கோவிச்சுக்கட்டும்.” என் கைவேலையை மதிக்கும் ஒரு ஜீவன் இந்தத் தீவில் இருக்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

நீ பேசாமல் விட்டதையெல்லாம் படித்தேன். இப்போது நான் பேசுகிறேன்.

உன் பிறந்த நாளுக்கு என்ன கொடுப்பது என்று ஒரு மாதம் யோசித்தேன். அந்தத் துப்பாக்கி படகிலிருந்து பாறையில் விழுந்த நாள் முதல் இடது பக்கம் இழுக்கிறது. நீ ஒரு முழம் வலது பக்கம் தள்ளிக் குறிபார்த்து அதைச் சமாளித்துக்கொண்டிருந்தாய். நொண்டிக் குதிரையோடு சேர்ந்து நொண்டுவது போல. சரி, இவளுக்கு அதை நேராக்கிக் கொடுப்போம், அசந்துபோவாள் என்று நினைத்தேன். நீ மீனுக்கு உப்புப் போடப் போன மத்தியானம், குண்டு இல்லை என்று பார்த்துக்கொண்டு, போல்ட்டைக் கழற்றி, துப்பாக்கியை மர வேலை மேசையில் இறுக்கினேன். பின்பக்கமிருந்து குழலுக்குள் பார்த்தால் ஹெட்லியின் புகைபோக்கி தெரிந்தது. குறிமுள்ளின் மேல் பார்த்தால் ஹெட்லியின் கக்கூஸ் தெரிந்தது. இரண்டும் புகைபோக்கியையே காட்டும்வரை பித்தளைத் துண்டு வைத்துத் தட்டினேன். மயிரிழை பிசகவில்லை.

பிறந்த நாள் காலையில் நான் சொல்வதற்குள் நீ போட்டிக்குக் கிளம்பிவிட்டாய். என்னைப் பார்த்து, “கேக்கைப் பார்த்துக்கோ” என்று மட்டும் சொன்னாய். கேக்கைப் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் நடந்ததில் என் தப்பு என்ன? பலகை போதவில்லை என்று லெஸ்டர் குறித்தாள்களை நெருக்கி நெருக்கி ஒட்டினது என் தப்பா? நீ பழைய பழக்கத்தில் ஒரு முழம் தள்ளிச் சுட்டாய். பத்துக் குண்டும் பக்கத்துத் தாளுக்குப் போய்விட்டன. அந்தத் தாள் ஹெட்லியினுடையது. ஹெட்லி சுட்டது பத்து, அவன் தாளில் ஓட்டை பதின்மூன்று! “இது எப்படி லெஸ்டர்?” என்று ஆட்கள் கேட்டதற்கு லெஸ்டர் என்ன சொன்னான்? “ஓட்டை கம்மியா இருந்தா என்ன செய்யணும்னுதான் விதியில இருக்கு. அதிகமா இருந்தா என்ன செய்யணும்னு இல்லையே.” அதற்கு அவனை விட்டுவிட்டு நீ என் பக்கம் திரும்பினாய். ஊர் ஹால் வாசலில், பாதிரியார் உட்பட எல்லோரும் தேநீர்க் கோப்பையோடு நிற்கும்போது சொன்னாய்: “கல்யாணப் படத்தைக்கூடச் சுவத்துல நேரா மாட்டத் தெரியாத ஆளு, என் துப்பாக்கியை நேராக்க வந்துட்டான்!”

அவர்கள் சிரித்தார்கள், வின்னி. ஹெட்லி வான்கோழியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

முப்பத்தொரு வருஷமாக அந்தத் துப்பாக்கி நம் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கிறது. சனிக்கிழமை தோறும் அதற்கு எண்ணெய்க் குளியல். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட வாரம் எண்ணெய் தேய்க்கச் சொன்னேன், “நாளைக்குப் பார்க்கலாம்” என்றாய். அன்றைக்குச் சனிக்கிழமை.

கையெழுத்துப் போடுகிறேன். ஒரே நிபந்தனை. ‘துப்பாக்கி நேராகத்தான் இருந்தது’ என்று நீ உன் கையால் எழுதி அனுப்பு. நான்கு வார்த்தைகூட இல்லை.

கார்லண்ட்

பி.கு. நாய் காலையில் கொஞ்சம் மீன் தலையும் சாப்பிடும். தெரியும்தானே?


கேன்னட் ஹார்பர்
19 டிசம்பர் 2017

கார்லண்டுக்கு,

எழுத மாட்டேன்.

பிறந்த நாள் பரிசு என்றால் ஒரு பொட்டலம், ஒரு ரிப்பன். ஒரு பெண்பிள்ளையின் துப்பாக்கியைத் திருத்திவிட்டு அவளிடம் சொல்லாமல் இருப்பதற்குப் பெயர் பரிசு இல்லை. கண்ணாடிக்காரன் உன் மூக்குக் கண்ணாடியின் பவரை உனக்குத் தெரியாமல் மாற்றிவிட்டால் நீ படியில் உருண்டுகொண்டே, ‘ஆகா, என்ன நேரான கண்ணாடி’ என்பாயோ?

லைசன்ஸுக்கு வகுப்பில் உட்கார வேண்டும் என்றார்கள். உட்கார்ந்தேன். ஹாலில் இரண்டு நாள். கூஸ் பேயிலிருந்து வந்த வாத்தியார் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டி, “குண்டு இந்தப் பக்கமாத்தான் வெளிய வரும்” என்றார். நான், “எனக்கு அதுல அவ்வளவு உறுதி இல்லை சார், என் வீட்டுக்காரர் கைவெச்சதுக்கு அப்புறம் அது எங்க வேணாலும் போகுது” என்றேன். ஹால் முழுக்கச் சிரித்தது. இப்போது நாம் சமம்.

தேறிவிட்டேன். ஒரே ஒரு கேள்வியில் மார்க் குறைத்துவிட்டார்கள். வீட்டில் துப்பாக்கியை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டதற்கு உள்ளதைச் சொன்னேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் என்று. வாத்தியார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஹெட்லியும் எழுதினான். அவன் ஜனவரியில் மறுபடி எழுதுகிறான்.

நீ இல்லாததால் இங்கே ஒன்றும் நிற்கவில்லை. அடுப்புக் குழாய் கொஞ்சம் புகைகிறது. பின்கதவு மூடுவதில்லை, உப்பு மூட்டையை முட்டுக்கொடுத்திருக்கிறேன். பனிவண்டி கிளம்புவதில்லை, நடக்கிறேன், உடம்புக்கு நல்லது. போன வியாழக்கிழமை ஒரு வெள்ளைக் கரடி மீன் கொட்டகை வரைக்கும் வந்துவிட்டுப் போயிருக்கிறது. தடம் என் இரண்டு கையையும் விரித்து வைத்தால் நிறைகிறது.

இந்தப் பெட்டியில் பேக்காப்பிள் பழ ஜாம் இரண்டு பாட்டில், ஒரு ஜோடி காலுறை. ஜாம் மர்டிலுக்கு. காலுறை அவளுக்குப் பெரிதாக இருந்தால் நீ போட்டுக்கொள். கிறிஸ்துமஸுக்கு வேறு ஒன்றும் இல்லை.

படிவம்?

வின்னி


கார்னர் புரூக்
8 ஜனவரி 2018

வின்னி பெண்ணே,

காலுறை மர்டிலுக்குப் பெரிதாகத்தான் இருந்தது. அவள் கால் சின்னது என்பது உனக்குத் தெரியாத விஷயமா என்ன. ஜாமில் அவளுக்கு அரைக் கரண்டி கொடுத்தேன்.

பின்கதவைப் பற்றி எழுதினாய். அது கீழ்க் கீலின் திருகு. ஜன்னலோரத் தகர டப்பாவில் நீளத் திருகு இருக்கிறது, அகலத் தலை உள்ளது. பின்கதவு மூடாத வீட்டுக்குப் பக்கத்தில் கரடித் தடம் என்பதை மட்டும் நீ இரண்டு வரியில் தனித்தனியாக எழுதிவிட்டாய். நான் சேர்த்துப் படித்தேன். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏப்ரலுக்கும் புதுத் துப்பாக்கிக்கும் நடுவில் உன் கையில் ஒன்றும் இல்லாமல் போகும் நாட்கள் வருமோ என்று நினைத்தேன். புதுசு வந்தாலும் அது உன் தோளுக்குப் பழக வேண்டும். என் கோபத்துக்கு அந்த அளவு விலை இல்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். பென்சில் புள்ளிக்கு நேர் மேலே. நேராக.

நிபந்தனையை வாபஸ் வாங்கவில்லை. பாக்கி வைத்திருக்கிறேன்.

கார்லண்ட்


கேன்னட் ஹார்பர்
15 பிப்ரவரி 2018

கார்லண்ட் ரம்போல்ட்!

என்ன சொல்லித் தொலைத்தாய்?

லைசன்ஸ் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ‘தங்கள் கணவரிடம் தொலைபேசியில் விசாரித்தபோது அவர் கூறிய சில விஷயங்கள் காரணமாக’ என் விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதாம். மேற்கொண்டு விசாரணை நடக்குமாம். விசாரணை! என் மேல்! ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் இருபது வருஷம் பாடம் எடுத்த என் மேல்!

லெஸ்டரையும் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள், நான் வீட்டில் எப்படி என்று. அவன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது ஒரு அடி தள்ளி நிற்கிறான். ஹெட்லி வேண்டுமென்றே கடையில் என்னைக் கண்டதும் இரண்டு கையையும் மேலே தூக்குகிறான். அவனுக்கு லைசன்ஸ் வந்துவிட்டது. ஹெட்லிக்கு!

கையெழுத்துப் போடுகிற கையால் போட்டுவிட்டு வாயால் அதை அழித்தாயா? இது பழிவாங்கலா? அப்படியானால் ஆம் என்று எழுது. நான் துப்பாக்கியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, துணியில் சுற்றி விமானத்தில் ஏற்றிவிடுகிறேன். உன்னிடம் இன்னொரு முறை கேட்க மாட்டேன். எதையும் கேட்க மாட்டேன்.

வின்னி


கார்னர் புரூக்
27 பிப்ரவரி 2018

வின்னி,

பழிவாங்கல் இல்லை. சத்தியமாக இல்லை. முட்டாள்தனம். அது வேறு, உனக்கு வித்தியாசம் தெரியும், இத்தனை வருஷம் கூட இருந்திருக்கிறாய்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மர்டில் சாட்சி.

லைசன்ஸ் அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி போனில் கூப்பிட்டார். பெயர் திருமதி பைக். நல்ல மரியாதையான குரல். “உங்க மனைவி துப்பாக்கி லைசன்ஸ் கேட்டிருக்காங்க. அதனால உங்களுக்குப் பயம் ஏதாவது இருக்கா?” என்று கேட்டார். நான் நம் கரையில் யாரிடமாவது பேசுவதுபோல், “பயமா? இந்தக் கரை முழுக்க அவளைக் கண்டா பயந்தாம்மா. வெள்ளைக் கரடியே ஊரைச் சுத்திக்கிட்டுப் போகுது” என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. லைன் சரியில்லை என்று நினைத்தேன்.

“எப்பவாவது உங்களைத் துப்பாக்கி காட்டி மிரட்டியிருக்காங்களா?”

“துப்பாக்கி எதுக்கும்மா? மரக்கரண்டியே போதுமே.”

மர்டில் கையிலிருந்த வாணலியைக் கீழே வைத்துவிட்டு, ‘வாயை மூடு’ என்று சாடை காட்டினாள். நான் அவளுக்கும் சேர்த்துச் சிரித்தேன்.

“இப்ப நீங்க அவங்ககூட இல்லையா?”

“இல்லைம்மா. தப்பிச்சு வந்துட்டேன்.”

“பத்திரமான இடத்துல இருக்கீங்களா?” என்று ரொம்ப மெதுவாகக் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. “அம்மா, இதெல்லாம் சும்மா விளையாட்டு” என்றேன். “சரி, புரியுது” என்றார். அவர் ‘புரியுது’ என்றதிலேயே புரியவில்லை என்று தெரிந்துவிட்டது.

உன் கடிதம் வந்த அன்றே திருமதி பைக்குக்குப் போன் செய்தேன். நேரில் வருகிறேன் என்றேன். அவர் மறுவாரம் இந்த ஊருக்கு வருவதாக இருந்தது, மர்டில் வீட்டுக்கே வந்தார். நான் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கல்யாணத்துக்குப் போட்டது. மர்டில் தேநீரும் பிஸ்கட்டும் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

ஏன் ஒரு விளையாட்டுப் பேச்சை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “நூறு பேர்ல ஒருத்தர் நெஜமாவே பயந்துபோயிருப்பாங்க, ஐயா. அவங்களும் சிரிச்சுக்கிட்டேதான் சொல்வாங்க. போன்ல எனக்கு வித்தியாசம் தெரியாது. ஒருதடவை சிரிப்புதானேன்னு நான் விட்டுட்டேன். அதுக்கப்புறம் விடறதில்லை” என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிஸ்கட்டை எடுத்தவர் கடிக்காமல் தட்டில் வைத்துவிட்டார்.

நான் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒரு கேள்விக்கும் விளையாட்டாகப் பதில் சொல்லவில்லை.

“அப்ப ஏன் வீட்டை விட்டு வந்தீங்க?” என்று கேட்டார். குறிமுள், வான்கோழி, பதின்மூன்று ஓட்டை, கல்யாணப் படம், எல்லாம் சொன்னேன். வான்கோழி வந்தபோது அவர் குனிந்து கைப்பைக்குள் எதையோ தேடினார். ரொம்ப நேரம் தேடினார். தோள் குலுங்கியது.

கடைசியாக, “இப்பவும் கேக்க வேண்டியது என் கடமை. அவங்ககிட்ட உங்களுக்குப் பயம் இருக்கா?” என்றார். உண்மையைச் சொன்னேன். “ஒரு பயம் இருக்கும்மா. நான் திரும்பிப் போறப்ப என் இடத்துல அந்தத் துப்பாக்கி நின்னுக்கிட்டு இருக்குமோன்னு.”

“உங்க இடம்னா?”

“கட்டில்ல சுவரோரம்.”

“அங்க வைக்கக் கூடாதே. குண்டு எடுத்துட்டு, விசைக்குப் பூட்டுப் போடணும், இல்லைன்னா பூட்டின அலமாரிக்குள்ள வைக்கணும். அது சட்டம்.”

“அம்மா,” என்றேன், “அந்தக் கடைசி வார்த்தையை இன்னொரு தடவை சொல்லுங்க.”

“சட்டம்.”

வின்னி, முப்பத்தொரு வருஷம் நான் தனியாளாகப் போராடிக்கொண்டிருந்தேன். கனடா நாட்டுப் பாராளுமன்றமே என் கட்சி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். ஏப்ரலுக்குள் முடியுமா என்று கேட்டேன். முயற்சி செய்வதாகச் சொன்னார். லைசன்ஸ் வரவில்லை என்றால் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. எழுதவாவது செய்.

கார்லண்ட்


கேன்னட் ஹார்பர்
16 ஏப்ரல் 2018

அன்புள்ள கார்லண்ட்,

முதல் வார்த்தையை எழுதிவிட்டு அடித்தேன். பிறகு புதுக் காகிதம் எடுத்து மறுபடி எழுதினேன். காகிதம் வீண்.

திருமதி பைக் எனக்கும் போன் செய்தார். முதல் கேள்வியே, “மரக்கரண்டி இப்ப எங்க இருக்கு?” அதற்கு நான் சிரிக்கவில்லை, பாடம் படித்தவள். “சமையலறை டிராயருல, மூடித்தான் வெச்சிருக்கேன்” என்றேன். அவர்தான் சிரித்தார். பிறகு, உங்களுக்கு அவரால் ஏதாவது பயம் உண்டா என்று என்னையும் கேட்டார். இல்லை என்றேன். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசித்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட எனக்கு அந்த யோசனை வந்ததில்லை என்பதே அப்போதுதான் எனக்குத் தோன்றியது. எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

விமானம் செவ்வாய்க்கிழமை வருவதாக இருந்தது. திங்கட்கிழமைவரை லைசன்ஸ் வரவில்லை. துப்பாக்கியைத் துடைத்து, சொன்னபடி துணியில் சுற்றி வைத்துவிட்டேன். ராணுவ விமானத்துக்கு முன்னால் செவ்வாய் காலையில் தபால் விமானம் இறங்கியது. தபால் அறை ஆளுக்கு மூட்டையைப் பிரிக்கவே நான் விடவில்லை, நானே பிரித்தேன். அட்டை வந்துவிட்டது. அதில் என் போட்டோ கடல்நாய் மாதிரி இருக்கிறது. இருக்கட்டும்.

பழைய துப்பாக்கிகளுக்கு வழியனுப்பு விழாவாக ஒரு போட்டி வைத்தார்கள். கடல் உறைந்த இடத்தில், பனியில் படுத்து, ஆளுக்குப் பத்துக் குண்டு. அதே லெஸ்டர். அதே பலகை. அதே மாதிரி நெருக்கி ஒட்டிய தாள்கள். என் பக்கத்தில் அதே ஹெட்லி. வந்திருந்த ராணுவ மெக்கானிக் என் துப்பாக்கியை வாங்கிப் பார்த்தார். “நேரா இருக்கே. யார் பார்த்தது?” என்றார். ஹெட்லி காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். பாதிரியாரும் இருந்தார். “என் வீட்டுக்காரர்” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். ஹால் வாசலில் சொன்ன அதே சத்தத்தில்.

லெஸ்டர் குனிந்து காதோடு கேட்டான், “வேணும்னா பழையபடி கோணலாத் தட்டிக் குடுக்கச் சொல்லட்டுமா வின்னி? உனக்குப் பழக்கமானது அதுதானே.” வேண்டாம் என்றேன்.

முதல் குண்டு கை தன் பழக்கத்துக்கு வலது பக்கம் போய்விட்டது. ஹெட்லி, “நன்றிம்மா!” என்று கத்தினான். பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுத்தது நேராகப் பார்த்தேன். கார்லண்ட், இந்த வயதில் நேராகப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. குறிமுள்ளும் தாளின் வட்டமும் ஒன்றாகத் தெரியும்போது ஏதோ தப்பு செய்வதுபோலவே இருக்கிறது. சுட்டேன். பிறகு மீதி எட்டும்.

என் தாளில் ஒன்பது. ஹெட்லியின் தாளில் நான்கு, அதில் ஒன்று நான் போட்ட பிச்சை.

நான் ஜெயித்த வான்கோழி கொட்டகை உறைபெட்டியில் கிடக்கிறது. ஒற்றை ஆளுக்கு அது பெரிது.

துப்பாக்கி நேராகத்தான் இருந்தது.

எழுதிவிட்டேன். பாக்கி தீர்ந்தது.

வின்னி

பி.கு. கீல் திருகு நீ சொன்ன டப்பாவில் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். உப்பு மூட்டைதான் இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.


கார்னர் புரூக்
24 மே 2018

அன்புள்ள வின்னி,

உன் கடிதத்தின் அந்த ஒரு வரியை மர்டிலுக்குப் படித்துக் காட்டினேன். பிறகு பக்கத்து வீட்டுக்காரருக்கு. பிறகு ரொட்டிக் கடையில். மர்டில் சொல்கிறாள், “அண்ணே, அதைச் சட்டம் போட்டு மாட்டிடு, உனக்கு நேரா மாட்ட வராதுன்னாலும்.” ஊர் முழுக்க அந்தப் பேச்சு பரவிவிட்டது என்று தெரிந்துகொள்.

இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம் உண்டு. பிர்ச் மரத்தில் ஒரு அலமாரி செய்துகொண்டிருந்தேன். உயரம் துப்பாக்கிக்குச் சரியாக. உள்ளே பச்சைக் கம்பளி ஒட்டியிருக்கிறேன், உன் அருமைப் பிள்ளைக்குக் குளிராமல் இருக்க. நல்ல கனமான பூட்டு. குண்டுகளுக்குத் தனி இழுப்பறை, அதற்கும் பூட்டு. திருமதி பைக்கிடம் போன் செய்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டேன். லைசன்ஸ் உன் பெயரில்தான் என்பதால் சாவி இரண்டும் உனக்கே. என் கையில் ஒன்றும் வேண்டாம், அந்தத் துப்பாக்கியால் நான் பட்டது போதும்.

அலமாரி நிற்க வேண்டிய இடம் கூடத்து மூலை. படுக்கையறை இல்லை. இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தச் சுவரோரம் என்னுடையது. உனக்கு ஆட்சேபம் என்றால் பாராளுமன்றத்துக்கு எழுதிக்கொள்.

ஐஸ் விலகிவிட்டதாம், ஜூன் நடுவில் முதல் கப்பல் வடக்கே வருகிறது. அலமாரியையும் என்னையும் ஏற்றிக்கொள்வதாகச் சொல்கிறார்கள். அலமாரிக்குக் கட்டணம் அதிகம்.

போன தடவை எழுதிய அதே விஷயம்தான் வின்னி, இன்னும் நீ பதில் சொல்லவில்லை. என் இடம் அங்கே இருக்கிறதா?

கார்லண்ட்

பி.கு. திருகை நான் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன் போலிருக்கிறது. நேற்றுத்தான் பார்த்தேன். கையோடு கொண்டு வருகிறேன்.


கேன்னட் ஹார்பர்
5 ஜூன் 2018

அன்புள்ள கார்லண்ட்,

கூடத்து மூலையைக் காலி செய்துவிட்டேன். தையல் மிஷினைச் சன்னலோரம் தள்ளியிருக்கிறேன். துப்பாக்கி இப்போதைக்கு லெஸ்டர் வீட்டில் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. குளிர்தான் அந்தப் பக்கமிருந்து அடிக்கிறது.

கப்பல் வருகிற அன்றைக்கு வான்கோழியை அடுப்பில் ஏற்றுகிறேன். இங்கே கடையில் டர்னிப் கிடைக்கவில்லை, இரண்டு வாங்கி வா. ஹெட்லியையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். அவனுக்கு ஒரு கால் கொடுத்தால் போதும், நான்கு ஓட்டைக்கு அவ்வளவுதான்.

வந்ததும் நீ சுத்தியலைத் தேடுவாய். கதவைச் சரிசெய், அடுப்புக் குழாயைச் சரிசெய், பனிவண்டியைப் பார். எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிட்டுச் செய்.

கல்யாணப் படம் மட்டும் நீ மாட்டினபடியே இடது பக்கம் சாய்ந்து தொங்குகிறது. நீ போன பிறகு ஒருநாள் கோபத்தில் அதை நேராக்கினேன். இரண்டு நாள் பார்த்தேன். நம் இரண்டு பேர் முகமும் யாரோ போல இருந்தது. திரும்பக் கோணலாக்கி வைத்துவிட்டேன்.

அதில் கை வைக்காதே.

வின்னி